கூடிக்கொண்டே போன பிடியரிசி

நான் ஐந்தாம் வகுப்பில் படித்த ஆண்டு குன்னம் பக்கம் மழை சரியாகப் பெய்யவில்லை. அப்பா போர் போடும் லாரியில் வடக்கே போயிருந்தார். அம்மாவுக்கு வெங்காயக் காட்டில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை கிடைத்தால் பெரிது.

எங்கள் அடுப்பங்கரையில் ஒரு பிஸ்கட் தகர டப்பா இருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் அம்மா அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் போடுவார். மாதக் கடைசி ஞாயிறு அதைக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவோம். பிடியரிசி ஆண்டவருடையது. அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா கை வைத்தார். அரிசிப் பானை காலி. டப்பாவைத் திறந்து சற்று நேரம் நின்றார். பிறகு இரண்டு பிடி அள்ளி உலையில் போட்டார். கதவோரம் நின்று பார்த்த எனக்கு, அம்மாவுக்கு என்ன தண்டனை வருமோ என்ற பயத்தில் அன்று கஞ்சி இறங்கவில்லை. ஆனாலும் குடித்தேன்.

எதையும் அளந்து எழுதிவைக்கும் குணம் எனக்கு அப்போதே உண்டு. மறுநாள் முதல் பள்ளிக்குப் போகுமுன் ஓர் ஈர்க்குச்சியை அரிசிக்குள் அடிவரை இறக்கி, ஸ்கேலில் அளந்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தேன். ஆண்டவருக்கு எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால், பெரியவளானதும் நானாவது போட்டு நிரப்பிவிடலாம் என்பது திட்டம். புதன்கிழமை ஐந்து சென்டிமீட்டர். அன்றும் மறுநாளும் அம்மா எடுத்தார். வெள்ளிக்கிழமை ஆறரை. சனிக்கிழமை ஏழு.

எடுக்க எடுக்கக் கூடியது. விதவை வீட்டில் மாவு குறையாத பானையின் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டிருந்த எனக்கு, இதற்கு மேல் அத்தாட்சி தேவைப்படவில்லை. அந்த ஞாயிறு எழுந்து நின்று, எங்கள் டப்பாவில் ஆண்டவர் அரிசி போடுகிறார் என்று சென்டிமீட்டர் கணக்கோடு சாட்சி சொன்னேன். அம்மா எடுத்ததை மட்டும் விட்டுவிட்டேன். டீச்சர் கண் கலங்கினார். பின்வரிசையில் ஒருவன், "ஆண்டவரு ரேஷன் கடையா வச்சிருக்காரு?" என்றான்.

அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். அம்மா காட்டுக்குப் போயிருந்தார். நடுப்பகலில் பாயில் கிடந்தேன். பக்கத்துக் களத்தில் பருத்தி காய்ந்தது. அங்கிருந்து வந்த பஞ்சுப் பிசிறு ஒன்று சன்னல் வெயிலில் மேலே போகாமலும் கீழே இறங்காமலும் நின்றது. வீடே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல இருந்தது. அப்போது அந்த வெளிச்சத்துக்குள் ஒரு கை வந்தது. டப்பாவின் மூடி சத்தமில்லாமல் திறந்தது. அரிசி விழும் ஓசை, தூறல்போல, கேட்டது. ஆண்டவரைப் பார்த்துவிட்டேன் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பிறகு கண்ணாடி வளையல் குலுங்கியது. ஆண்டவர் வளையல் போடுவாரா என்று யோசித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தேன்.

அத்தை நின்றிருந்தார். அப்பாவின் அக்கா, எதிர்வீடு. ஒரு கல்யாணத்தில் யாரை முதலில் பந்திக்குக் கூப்பிட்டார்கள் என்பதில் தொடங்கி, அம்மாவும் அவரும் இரண்டு வருடமாகப் பேசுவதில்லை. ஒருவர் குடத்தை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் மற்றவர் தெருக்குழாய்க்கு வருவார். செவ்வாய்க்கிழமை நடந்ததை நான் பள்ளியில் அத்தை மகளிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லியிருந்தேன். அது அன்றைக்கே தெருவைத் தாண்டியிருக்கிறது.

"உங்கம்மாட்ட வாயத் தொறந்துடாத," என்றார் அத்தை. "தெரிஞ்சா அப்படியே அள்ளிக்கிட்டு வந்து என் வாசல்ல கொட்டிட்டுப் போயிடுவா. ரோசக்காரி."

"அப்ப ஆண்டவரு போடலயா அத்த?"

"அவரு எங்கடி போட்டாரு? நாந்தான் திருடி மாதிரி பூந்து பூந்து வரேன். முட்டி வலி உசுரு போவுது."

என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். நான் அழுதேன்.

கோயிலில் சொன்ன சாட்சி பொய்யாகிவிட்டது. திருத்திச் சொன்னால் அம்மா காதுக்குப் போகும், அரிசி நின்றுவிடும். சொல்லாவிட்டால் ஆண்டவர் பெயரில் பொய். ஞாயிறன்று டீச்சர், டப்பா எப்படி இருக்கிறது என்று எல்லோர் முன்னும் கேட்டார். "ஒம்பது சென்டிமீட்டர், டீச்சர்," என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: 'ஆண்டவர் வரவில்லை. அத்தைதான் வந்தார்.'

எங்கள் வீட்டில் வாங்கியது ரேஷன் அரிசி, தடித்தது, பழுப்பு. அத்தை வீட்டில் சமைத்தது தா.பழூர் வயலில் விளைந்த பொன்னி, சன்னமானது, வெள்ளை. ஆழத்தை அவ்வளவு துல்லியமாக அளந்த நான் அரிசியைப் பார்க்கவே இல்லை. அம்மாவோ அதைக் கையால் அள்ளி, கல் பொறுக்கி, களைந்து உலையில் போட்டவர். அந்த நாட்களில் அவர் எதிர்வீட்டுப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. ஆனால் காட்டுக்குப் போகும்போது கதவைப் பூட்டாமல் வெறுமனே சாத்திவிட்டுத்தான் போனார்.

மாலையில் டப்பாவைத் திறந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். "இன்னைக்கும் வந்துட்டுப் போயிருக்கீங்களே, ஆண்டவரே," என்று மெதுவாகச் சொல்வார். பக்கத்தில் நின்று கேட்கும் நான், பாவம், அம்மாவுக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துக்கொள்வேன்.