துப்பாக்கிக்கு வயது பார்த்த கதை

அப்பா போனபின் பாகம் பிரிக்கையில் எனக்கும் தம்பிக்கும் ஒரு பழைய துப்பாக்கியில்தான் இழுபறி. அப்பா வாங்கியதென்றால் அவர் சொல்லிவைத்தபடி எனக்கு. தாத்தா காலத்ததென்றால் இருவருக்கும் பொது. தாத்தா காலத்துத் துப்பாக்கியெல்லாம் கல் உரசிச் சுடுவது. இது கேப்பு என்னும் சின்ன வெடிமூடி வைத்துச் சுடுவது. அப்பாவுடையதுதான் என்று அடித்துச் சொன்னேன்.

இருவரும் அதைச் செங்கோட்டைக்கு எடுத்துப் போனோம். அங்கே துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆசாரி விசைத்தகட்டைக் கழற்றி, ஆணியால் அடைத்த பழைய ஓட்டைகளைக் காட்டினார்.

"இங்கன முன்னே கல்லு இருந்திருக்கு அண்ணாச்சி. கேப்பெல்லாம் பொறவு மாத்துனது. இது உங்க அப்பாவுக்கும் மூத்தது."

தம்பி சிரிக்கவில்லை. "நீயே வச்சுக்கோண்ணே. மலையடி வயல்ல தெனமும் பன்னி வருது. நீ அங்கன வந்து சுடுதியா?"

எனக்குச் சுடத் தெரியாது. ஊர் திரும்பித் தென்காசி வந்து சேர்ந்ததும் துப்பாக்கியை அவன் தோளில் மாட்டிவிட்டேன்.