தொண்டையைக் காத்த ஞாயிற்றுக்கிழமை

அந்த மே மாத ஞாயிற்றுக்கிழமையின் அட்டவணை இன்னும் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. கிழித்துப் போடலாம் என்று என் மனைவி ஒருமுறை கை நீட்டினாள். நான்தான் வேண்டாம் என்றேன். என் கையெழுத்தில் நான்கே வரிகள். ஐந்தரை, ஓட்டம். எட்டரை, கோல்ஃப். இரண்டு, ஓய்வு. ஐந்து, கச்சேரி. அடியில் சிவப்பு மையில், இரண்டு கோடு போட்டு: ஐஸ் கூடாது.

என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு சிறிய சபா. கோடை விடுமுறையில் இளையவர்களுக்கு அங்கே முக்கால் மணி நேரம் ஒதுக்குவார்கள். ஒன்பது வருடம் பாட்டுக் கற்றுக்கொண்டவளுக்கு அன்றைக்குத்தான் முதல் தனிக்கச்சேரி. அன்று நான் காக்க நினைத்தது ஒன்றே ஒன்று, அவள் குரல்.

பாடுகிற பிள்ளை இருக்கும் எங்களைப் போன்ற வீடுகளில் இது யாரும் எழுதி வைக்காத சட்டம். கச்சேரிக்கு மூன்று நாள் முன்பிருந்தே ஃப்ரிட்ஜ் தண்ணீர் கிடையாது, தயிர் கிடையாது, எலுமிச்சை கிடையாது. இளநீர்கூடக் குளிர்ச்சி. மின்விசிறிக்கு நேரே படுக்கக் கூடாது. கழுத்தில் ஒரு துணி. குடிக்க அதிமதுரம் தட்டிப் போட்ட வெந்நீர், அதுவும் மடக்கு மடக்காக. அவளுடைய பாட்டு டீச்சர் இதைச் சொன்னார். அவருக்கு அவருடைய டீச்சர் சொல்லியிருப்பார். நான் ரசாயனம் படித்தவன். ஆனாலும் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. எல்லோரையும்விடக் கறாராகக் கடைப்பிடித்தேன். போன வருடம் ஒரு போட்டிக்கு முந்தின நாள் அவள் தெருவண்டியில் கோலா ஐஸ்குச்சி தின்று, மறுநாள் மேல் ஸ்தாயியில் குரல் கீறிவிட்டது. அந்தக் கீறல் என் காதிலேயே இருந்தது.

மனைவி கோயம்புத்தூரில் இருந்தாள், தங்கையின் பிரசவத்துக்காக. அதனால் அந்த நாள் முழுக்க என் பொறுப்பு. வீட்டில் யாரும் எதையும் மறந்துவிடக் கூடாது என்று பயப்படுகிறவன் நான்; அட்டவணை போட்டால் அந்தப் பயம் கொஞ்சம் அடங்கும்.

காலை ஓட்டம் என் யோசனைதான். மூச்சு நீளமாக நிற்க வேண்டும் என்பதற்காக இரண்டு மாதமாக ஃபைவ் கார்டன் பூங்காவைச் சுற்றி அவளை ஓடவைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்காவது விட்டிருக்கலாம். விடவில்லை. ஆறு மணிக்கே காற்று ஈரத் துணி போல முகத்தில் ஒட்டியது. நான்காவது சுற்றில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, போறும்பா. சாயங்காலம் மேடையில நான் பாடணுமா, ஓடணுமா?”

“இன்னும் ஒரு ரவுண்ட். அப்பறம் விட்டுடறேன்.”

“நீங்க ஓடுங்கோளேன். உங்க தொப்பைக்கு நல்லது.”

சிரித்துக்கொண்டே ஓடினாள். வீடு திரும்பி ஃப்ரிட்ஜைத் திறந்தவள், நான் பார்ப்பதைப் பார்த்து, உள்ளே மூக்கை நீட்டிக் குளிர்ச்சியை மட்டும் முகர்ந்துவிட்டு மூடினாள். “வாசனை பிடிக்கலாமா, இல்ல அதுக்கும் தொண்டை கட்டுமா?” என்றாள். நான் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

கோல்ஃப் அவளாகக் கேட்டது. என் அலுவலகத்துக்குச் செம்பூர் மைதானத்தில் உறுப்பினர் உரிமை உண்டு. விடுமுறையில் ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். முதல் வாரத்திலேயே அவளுக்குப் பிடித்துப்போனது. பாட்டில் டீச்சர் தலையசைக்கும்வரை சரியா தப்பா என்று தெரியாதாம். இதில் பந்து குழியில் விழுந்தால் விழுந்ததுதானாம். அன்றைக்குப் பயிற்சியின் கடைசி நாள். ஒன்பது குழிகளுக்குப் போட்டி. போகாமல் இருக்கலாமே என்று ஒரு வார்த்தை சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. சரி, ஆனால் கழுத்துத் துணியைக் கழற்றக் கூடாது, நான் கொடுப்பதைத் தவிர எதையும் குடிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அழைத்துப்போனேன்.

ஐந்தாவது குழியில் மணி பதினொன்று தாண்டியிருந்தது. சுற்றிலும் பச்சை, நிழல் மட்டும் இல்லை. மற்ற பிள்ளைகள் குளிர்ந்த எலுமிச்சைச் சாற்றுப் பாட்டிலைக் கழுத்தில் உருட்டிக்கொண்டு குடித்தார்கள். என் மகள் என்னிடம் வந்து கையை நீட்டினாள். ஃபிளாஸ்க் மூடியில் கால்வாசி ஊற்றிக் கொடுத்தேன். வாயருகே கொண்டுபோய் முகம் சுளித்தாள்.

“சூடா இருக்குப்பா. உள்ள போகவே மாட்டேங்கறது.”

“ஊதிக் குடி. ஒரு மடக்கு. முழுங்கு. அவசரப்படாதே. இன்னொரு மடக்கு.”

மட்டைப்பை சுமந்து கூட வந்தவருக்கு என் வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் குடியிருப்பதாகவும், முப்பது வருடமாக இந்தப் புல்வெளியில் நடப்பதாகவும் முதல் நாளே சொல்லியிருந்தார். அவர் பையை இறக்கி வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சார், பிள்ளைக்கு மொகம் செவந்துட்டு. கையப் பாருங்க, நடுங்குது. எங்கிட்ட பரஃப் போட்ட ஐஸ் தண்ணி பாட்டில் இருக்கு, கொடுக்கட்டுமா?”

“வேண்டாம். சாயங்காலம் அவளுக்குப் பாட்டுக் கச்சேரி.”

“பாட்டு சாயங்காலந்தான சார். வெயிலு இப்பமே இருக்குல்லா?”

“ஐஸ் தண்ணி குடிச்சா குரல் போயிடும். உங்களுக்குத் தெரியாது.”

“எனக்குப் பாட்டு தெரியாது சார்” என்றார் அவர். “வெயிலு தெரியும்.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஃபிளாஸ்க்கில் தண்ணீர் குறைந்திருந்ததால் காரில் இருந்த இன்னொரு பாத்திரத்திலிருந்து நிரப்பிவரப் போனேன். திரும்பி வந்தபோது அவள் ஆறாவது குழிக்கு நடந்துகொண்டிருந்தாள். அவர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி பின்னால் போய்க்கொண்டிருந்தார். அவர் கொடுத்து அவள் குடித்திருப்பாள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. கோபத்தோடு அவளைப் பார்த்தேன். அவள் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள். நான் நம்பவில்லை.

அவள் மூன்றாவதாக வந்தாள். ஒரு சின்னக் கோப்பை கொடுத்தார்கள். அதை வாங்கும்போது அவள் சிரிக்கவில்லை. தலை வலிக்கிறது என்றாள்.

திரும்பி வரும்போது காரில் ஏசியை நான் போடவில்லை. இதை எழுதாமல் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் போடவில்லை. வெயிலிலிருந்து நேரே ஏசிக் காற்று பட்டால் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். சயான் சிக்னலில் வண்டி நின்றபோது அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டும்போது மனைவியின் போன் வந்தது.

“ஏன்னா, என்ன பண்றா? தண்ணி குடிச்சாளா?”

“குடுத்துண்டேதான் இருக்கேன். வெந்நீர்.”

“பேசச் சொல்லுங்கோ.”

“தூங்கறா. குரலுக்கு ரெஸ்ட்.”

“வேர்த்திருக்கா பாருங்கோ” என்றாள் மனைவி. திரும்பிப் பார்த்தேன். நெற்றி காய்ந்திருந்தது. வேர்வை இல்லை என்றேன், நல்ல செய்தி சொல்வதுபோல.

மதியம் அவள் ரசம்சாதம் இரண்டு வாய் தின்றுவிட்டு வாந்தி எடுத்தாள். பயம், மேடை பயம் என்று முடிவு செய்தேன். எனக்கும் பரீட்சை நாட்களில் அப்படி ஆகும். விசிறியைக் குறைத்து வைத்துப் படுக்கச் சொன்னேன். நான்கு மணிக்கு எழுப்பிப் பட்டுப்பாவாடை கட்டிக்கொள்ளச் சொன்னேன். கண்ணாடி முன்னால் நின்று, “அப்பா, இன்னிக்கு ஸ்கூல் உண்டா?” என்று கேட்டாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த முகத்தை இப்போது தினமும் பார்க்கிறேன்.

சபாவில் மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. டீச்சர் அவள் கன்னத்தைத் தொட்டார்.

“என்ன இப்படிக் கொதிக்கறது?”

“டென்ஷன்” என்றேன் நான்.

“ஐஸ் கிய்ஸ் ஒண்ணும் சாப்பிடலையே?”

“மூணு நாளா ஒரு சொட்டு இல்லை.”

“சமத்து” என்றார் டீச்சர்.

ஒரு மடக்கு தண்ணீர் கேட்டாள். இனிமேல் வேண்டாம், மேடையில் ஏறிவிட்டால் முக்கால் மணி நேரம் எழுந்து போக முடியாது என்றேன். அவளுக்கு நான் கடைசியாக மறுத்தது அதுதான்.

வர்ணத்தை ஆரம்பித்தாள். முதல் வரியில் குரல் அவ்வளவு சுத்தமாக இருந்தது. முன்வரிசையில் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குள் ஏதோ நிறைந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். இரண்டாவது வரி வர வேண்டிய இடத்தில் அவள் மறுபடி முதல் வரியைப் பாடினாள். மிருதங்கக்காரர் சமாளித்தார். மூன்றாவது முறையும் அதே வரி. வயலின்காரர் வில்லைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் கை தொடையில் தாளம் போடுவதை நிறுத்திவிட்டுத் தானாகத் துடித்தது. பிறகு பக்கவாட்டில், யாரோ மெதுவாகத் தள்ளியதுபோல, தம்புராவின் மேல் சாய்ந்தாள். தந்திகள் எல்லாம் ஒன்றாக ஒலித்தன. மைக் அதைக் கூடம் முழுக்கக் கேட்கவைத்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். உடம்புச் சூடு நூற்றாறைத் தாண்டிவிட்டது, வெயில் தாக்கியிருக்கிறது என்றார். பாவாடையைக் கத்தரியால் வெட்டினார்கள். அக்குளில், தொடையிடுக்கில், கழுத்தின் இரண்டு பக்கமும் ஐஸ் பொட்டலங்களை வைத்தார்கள். எந்தக் கழுத்தில் ஒரு துளிக் குளிர்ச்சியும் படாமல் மூன்று நாள் காத்தேனோ, அந்தக் கழுத்தில்.

“காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தாள்?” என்று டாக்டர் கேட்டார்.

ஃபிளாஸ்க் என் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. ஃபிளாஸ்க்கை அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி கேட்டார்.

மனைவி மறுநாள் காலை விமானத்தில் வந்தாள். என்னை எதுவும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பன்னிரண்டு நாள் கழித்து என் மகள் கண் விழித்து எங்களை அடையாளம் கண்டாள். நின்றுபோயிருந்த சிறுநீரகம் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. மூளையின் பின்பகுதியில்தான் சூடு சேதம் செய்திருக்கிறது என்றார்கள். அது நடையையும் பேச்சையும் சீராக வைத்திருக்கும் இடமாம். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். வார்த்தைகள் இழுத்து இழுத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி வருகின்றன. எவ்வளவு திரும்பும் என்று கேட்டால், பார்க்கலாம் என்கிறார்கள். முன்பு அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு ஒரு தேதி சொல்வார்கள். இப்போது அது இல்லை.

போன வாரம் மழை விட்டிருந்த ஒரு மாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தோம். ப, ட, க. ப, ட, க. மேல் மாடியில் யாரோ ஒரு சிறுமி சரளி வரிசை பாடத் தொடங்கினாள். நான் எழுந்து ஜன்னலை மூடப் போனேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அந்த... கோல்ஃப்... அங்கிள்...”

“ஆமாம். சொல்லு.”

“பாட்டில்... குடுத்தார். நீங்க... காருக்கு... போனப்போ.” வார்த்தைகளைத் தேடி நின்றாள். நான் காத்திருந்தேன். “நான்... குடிக்கலை... அப்பா.”

“தெரியும்டா.”

“நீங்க... நம்பலை.”

அவள் குற்றம் சாட்டவில்லை. ஒரு கணக்கை நேர் செய்வதுபோல, இத்தனை மாதமாக அதைச் சொல்லக் காத்திருந்தவள்போலச் சொன்னாள். நான் பார்க்காத இடத்திலும் என் சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள். ஒரே ஒரு முறை, எனக்குத் தெரியாமல் என்னை ஏமாற்றியிருக்கலாம். மற்ற பிள்ளைகள் எல்லோரும் அப்பாக்களை ஏமாற்றுகிறார்களே.

தாகம் என்று கையால் காட்டினாள். விழுங்குவதும் சரியாக வரவில்லை என்பதால் வெறும் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒரு பொடியைக் கலந்து கூழ் போலாக்கி, ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் நிறையத் தண்ணீர் பாட்டில்கள் வைத்திருக்கிறேன். அவளால் ஒன்றைக்கூட எடுத்து அப்படியே அண்ணாந்து குடிக்க முடியாது. குளிர்ந்ததாகப் பார்த்து ஒன்றை எடுத்து, பொடியைக் கலக்கி, எதிரே உட்கார்ந்தேன்.

“ஒரு மடக்கு” என்றேன். “முழுங்கு. அவசரப்படாதே. இன்னொரு மடக்கு.”

அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தைகள். அவள் வாயைத் திறந்து காத்திருந்தாள், நான் சொன்னபடியே.