பத்திரிகையில் வந்த என் விலாசம்

புது வார இதழைப் பிரித்தால் மண்ணெண்ணெயும் பசையும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். படித்து முடிப்பதற்குள் விரல் நுனியெல்லாம் கறுப்பாகிவிடும். எண்பதுகளில் வார இதழ் வாங்கியவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும்.

அப்போது நாங்கள் பொம்மிடி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா கேங்மேன், தண்டவாளம் பராமரிக்கிற வேலை. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டைப்ரைட்டிங் லோயர் படித்துக்கொண்டிருந்தேன். பொழுது போகாத ஒரு மத்தியானம், போஸ்ட் கார்டில் ஒரு வார இதழுக்கு வீட்டுக் குறிப்பு எழுதிப் போட்டேன். புளியில் பூச்சி வராமல் இருக்கக் கல் உப்புத் தூவி ஜாடியில் அடைத்து வைக்கலாம்... அவ்வளவுதான்.

அச்சில் வந்துவிட்டது. நாலே வரி. கீழே என் பேர், அப்பா பேர், குவார்ட்டர்ஸ், பொம்மிடி என்று முழு விலாசமும். அந்தக் காலத்தில் அப்படித்தான் போடுவார்கள். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. எனக்கும்தான். அப்பா அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, லைனில் வேலை செய்கிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

அடுத்த வாரம் கடிதங்கள் வர ஆரம்பித்தன.

முதலில் ஒரு காலேஜ் பெண், பேனா நட்பு கேட்டு. பிறகு எல்லாம் ஆண்கள். முகம் தெரியாத ஆட்கள் என்னை 'அன்புள்ள ஜெயராணி' என்று கூப்பிட்டார்கள். தபால்காரர் கட்டாகக் கொண்டுவந்து கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். அதற்கே எனக்கு உடம்பு கூசும்.

அப்பா எல்லாவற்றையும் அடுப்பில் போட்டார். ஆனால் கோயமுத்தூரிலிருந்து ஒரே கையெழுத்தில் திரும்பத் திரும்ப வந்தது. நான் பதில் போடாததற்கு அவனுக்குக் கோபம் இல்லை, பெருந்தன்மையாக மன்னித்திருந்தான். கடைசியாக வந்ததில் இப்படி இருந்தது: "மெட்ராஸ் போகும்போதெல்லாம் உங்கள் ஊரைக் கடந்துதான் போகிறேன். அடுத்த முறை இறங்குவேன்."

அதற்குப் பிறகு எனக்கு ரயில் சத்தமே ஆகாமல் போய்விட்டது. ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே வீடு. வண்டி வந்து நின்றால் ஜன்னலுக்குப் போய்விடுவேன். கிளம்பிப் போன பிறகும் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்... யாராவது நடந்து வருகிறார்களா என்று.

ஒரு நாள் வந்தே விட்டான்.

அப்பா வேலைக்குப் போயிருந்தார். நான் பின்னால் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஆண் குரல், என் பேரைச் சொல்லி விசாரித்தது. கை அப்படியே நின்றுவிட்டது. சமையலறைக் கதவிடுக்கில் பார்த்தேன். முப்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் ரெக்ஸின் பை. பார்க்க நல்லவன் மாதிரிதான் இருந்தான். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அம்மா நிதானமாகச் சொன்னாள்.

"அவங்க மாத்தலாயிப் போயிட்டாங்க. நாங்க புதுசா வந்தவங்க."

"எந்த ஊருங்க?"

"ஜோலார்பேட்டைப் பக்கம்னு சொன்னாங்க. வெவரம் தெரியாதுங்க."

"பத்திரிகையில இந்த அட்ரஸ்தானுங்களே போட்டிருக்கு?"

"நாங்க குடி வந்தது பத்திரிகைக்காரங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

குடிக்கத் தண்ணீர் கேட்டான். கொடுத்தாள். குடித்துவிட்டும் நகரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே, "வீட்ல நீங்க மட்டுந்தானுங்களா?" என்றான்.

"அவரு உள்ள படுத்திருக்காரு. நைட் டூட்டி. எழுப்பட்டுங்களா?"

டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அம்மா கதவைத் தாழ் போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அப்பா குதித்தார். "டைப்பிங்கும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஒருத்தன் கையில புடிச்சிக் குடுத்துடலாம்."

"அவ என்னாங்க தப்பு பண்ணிட்டா? புளிக்கு உப்புப் போடச் சொன்னது ஒரு தப்பா?" என்றாள் அம்மா. "கிளாஸுக்கு நான் கூடப் போறேன்."

போனாள். பரீட்சை முடியும்வரை தினமும் கூடவே வந்து, இன்ஸ்டிட்யூட் படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நாங்கள் தட்டுகிற சத்தம் ஓயும்வரை எழுந்திருக்க மாட்டாள். மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய அம்மா போகும்போது, அந்தப் பொய்யையும் சொல்லப் போகிறாயா என்று கேட்டேன். "அது பாவத்துல சேராது பாப்பா" என்றாள்.

அவன் மறுபடி வரவில்லை. நான் பாஸ் பண்ணி, தருமபுரியில் ஒரு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். அதன் பிறகு எந்தப் பத்திரிகைக்கும் ஒரு வரிகூட எழுதிப் போடவில்லை.

இதெல்லாம் இப்போது ஏன் என்றால்... போன மாதம் யாரோ ஒருவர் போன் பண்ணி, என் முழுப் பேர், தெரு, கதவு நம்பர் எல்லாம் சொல்லி, "நீங்கதானே மேடம்?" என்றார். எங்கே கிடைத்தது என்று கேட்டதும் கட் பண்ணிவிட்டார். என் மகள் தன் போனில் என் பேரைப் போட்டுத் தேடினாள். நம்பர், வீட்டு விலாசம், என் வீட்டுக்காரர் பேர், எல்லாம் வரிசையாக வந்தது. அதை எடுக்கச் சொல்லி அந்த வெப்சைட்டுகளுக்கு எழுதிப் போட்டோம். ஒரு இடத்தில் எடுத்தார்கள், வேறு இடத்தில் இருக்கிறது.

"எல்லாருதும் இப்படித்தான் இருக்கும், விடும்மா" என்கிறாள் மகள். இருக்கலாம். நான் கொஞ்சம் அதிகமாகப் பயப்படுகிறேனோ என்னவோ.

ஆனால் அன்றைக்கு என்னைத் தேடியவன் ரயில் ஏறி, இறங்கி, வெயிலில் நடந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியிருந்தது. அப்படி யாரும் இல்லை என்று சொல்ல ஒரு ஆள் வாசலில் நின்றாள். இப்போது யார் கேட்கிறார்கள், யார் எடுத்துக் கொடுக்கிறார்கள்... ஒன்றும் தெரிவதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு புது நம்பரிலிருந்து போன் அடித்து ஓய்ந்தது. யாராவது தெரிந்தவராகவும் இருக்கலாம். நான் எடுக்கவில்லை.