சிறுகோளுக்காகக் காத்திருந்த கேக்

போன சனிக்கிழமை சாயங்காலம் பழவேற்காட்டுக்கு ஒரு கல்லைப் பார்க்கப் போயிருந்தேன். பார்க்க என்று சொல்வதுகூட அதிகம். அது கண்ணுக்கே தெரியாத கல்.

என் மனைவி கலாவைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சிலர் காசிக்குப் போவார்கள். இவள் டெலஸ்கோப் வாங்கினாள். தூக்குவது நான்.

விஷயம் இதுதான். சூரியனைச் சுற்றும் ஒரு சிறுகோள் அன்றைக்கு ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போகிறது. மறைத்தால் நட்சத்திரம் ஓரிரு விநாடி அணைந்து எரியும். பலர் வேறு வேறு ஊர்களில் நின்று அதைப் பதிவு செய்தால், அந்தக் கல்லின் அளவும் வடிவமும் தெரிந்துவிடும். கலாவின் தோழி சுமதி ஆரம்பாக்கத்தில். நாங்கள் பழவேற்காட்டில், டச்சுக் கல்லறைப் பக்கத்துத் திடலில். முன்பு வேறு கற்களுக்காகப் போன போதெல்லாம் மேகம்தான் கிடைத்தது. அன்றைக்கு வானம் சுத்தம்.

இருட்டியதும் எதிர்வீட்டில் போட்டார்கள், ஒரு ஃபோகஸ் லைட்... டெலஸ்கோப்பில் மாட்டிய கேமராவின் திரை மொத்தமும் வெள்ளை. கலா முகம் அதைவிட வெள்ளை.

அந்த வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். பெயர் அஞ்சலை.

“இன்னாக்கா பாக்குறீங்க?”

“ஒரு கல்லும்மா.”

“கல்லறைக் கல்லா? அது அந்தாண்ட. பகல்ல வரணும்.”

கலா வானத்தைக் காட்டி விளக்கினாள். பாங்கில் ஊரையே அதட்டியவள், லைட்டை அணைக்கச் சொல்ல மட்டும் அவ்வளவு தயங்கினாள். குழந்தைக்கு முதல் பிறந்தநாளாம். பந்தல் நிறைய சொந்தக்காரர்கள்.

“ஒரு நிமிஷம் அணைச்சா போதுமா?” என்றாள் அஞ்சலை. “கேக் வெட்டறப்போ எப்படியும் லைட்ட அணைப்போம். உங்க டைமுக்கே வெட்டிக்கிறோம்.”

இப்படி ஒரு முகூர்த்தம் எங்காவது குறித்திருப்பார்களா?

பசியோடு எல்லோரும் காத்திருந்தார்கள். அஞ்சலையின் புருஷன் மூர்த்தி என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“கல்லு லேட்டா வராதில்ல, சார்?”

“வராது. அது எங்க வீட்டு ஆளு இல்ல” என்றேன். கலா முறைத்தாள்.

லைட் அணைந்தது. பந்தலில் மெழுகுவத்தி, பாட்டு, கைதட்டல். இந்தப் பக்கம் கலா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பிடி இறுகிக்கொண்டே போனது. திரையில் நட்சத்திரம் எரிந்தது... எரிந்தது... எரிந்துகொண்டே இருந்தது. நேரம் தாண்டிவிட்டது. கையை விட்டாள்.

பக்கத்தில் நின்றேன்.

அப்போது சுமதி போன் செய்தாள். ஆரம்பாக்கத்தில் நட்சத்திரம் அணைந்து எரிந்ததாம். கலா துள்ளி எழுந்தாள்.

“அங்க மறைச்சிருக்கு, இங்க மறைக்கல. அப்போ கல்லோட ஓரம் ரெண்டு ஊருக்கும் நடுவுல எங்கியோதான் போயிருக்கு. ரெண்டு பேர் பதிவும் வேணும்!”

பிறகு என்னைப் பார்த்து, “ஒண்ணுமே நடக்காததுகூட உபயோகம்தாங்க” என்றாள். நான் ஆண்டுக்கணக்கில் வீட்டில் சொல்லி வருவதும் இதையேதான்.

அஞ்சலை தட்டில் கேக்கோடு வந்தாள்.

“அணைஞ்சுதாக்கா?”

“இல்லம்மா, இங்க அணையல.”

“வுடுங்க. புள்ள பொறந்தநாளும் அதுவுமா... அது ஏன் அணையணும்?”