கஞ்சிப் பானையும் கல்லடைப்பும்

காலையில் இலைக்கஞ்சி விற்கிறவளுக்கு, அதைக் குடித்தவர்களின் வயிற்றில் அன்று முழுவதும் நடக்கிற எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிற வேலையும் சேர்ந்தே வருகிறது. சண்டைக் காலத்தில் செட்டிபாளையம் பெரிய ரோட்டில், பஸ் நிற்கிற இடத்தில் நான் பானை வைத்திருந்தேன். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் பானையால்தான். சமைத்துப் போட்டு ஏச்சு வாங்கியவர்களுக்கு என் பாடு விளங்கும்.

பசளிக்கு வந்த பழி

மரக்கறி லொறி ஒழுங்காக வராத நாட்கள். வீட்டு வளவில் தளதளவென்று கிடந்த பசளிக் கீரைதான் என் கஞ்சியில் பாதி. கரடியனாற்றில் படிப்பிக்கிற டீச்சர் ஒருவர் நாள் தவறாமல் ஒரு கோப்பை குடித்துவிட்டு முதல் பஸ் ஏறுவார். ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். சிறுநீர் போனால் எரிகிறதாம், படம் பிடித்துப் பார்த்ததில் சின்னக் கல்லாம், பசளியைக் குறைக்கச் சொன்னார்களாம்.

இதை என் காதோடு சொல்லியிருக்கலாம். படிப்பிக்கிற குரலில் சொன்னார். கோப்பைக்கு நீண்ட கைகள் எல்லாம் மடங்கின. மீன் விற்கிற அண்ணன் மட்டும் பானைக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, இனி அரிதட்டில வடிச்சுத் தா. கல்லு மேல நிக்கும்."

ஆட்டின் கதை

அன்று பானையில் பாதி மிஞ்சியது. அடுத்த நாளும் அப்படித்தான். ஒரு போத்தலில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு டிஸ்பென்சரியில் மருந்து தருகிற அப்போதிக்கரி ஐயாவிடம் போனேன். அவர் அதை முதலில் குடித்து முடித்தார். பிறகுதான் விளக்கினார். பசளி போன்ற சில இலைகளில் ஒக்சலேற்று என்றொரு உப்பு கூடுதலாம். சிறுநீரில் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சிலருக்கு அது கல்லாக உறையுமாம், எல்லாருக்கும் இல்லை. இலையை அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கூடவே தயிர் சாப்பிட்டால் அந்த உப்பு வயிற்றுக்குள்ளேயே கட்டுப்பட்டு மலத்தோடு போய்விடும். எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீர். அது குறைந்தால் சிறுநீர் தடித்துக் கல் வளர வசதியாகிவிடும்.

எனக்குக் கல் இருக்குமா, என் வீட்டுக்காரருக்கு இருக்குமா என்று கேட்டேன். பசளித் தண்டெல்லாம் எங்கள் ஆடுதான் தின்கிறது, அதற்கும் வருமா என்றும் கேட்டேன். ஐயா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஆட்டைக் கூட்டிக்கொண்டு வந்திராத பிள்ள. அது தண்ணி குடிக்குது."

ஒரு செம்புத் தண்ணீர்

பசளியைக் குறைத்து, அவித்து வடித்து, முல்லை இலையும் முசுட்டை இலையும் கூட்டினேன். கோப்பைக்கு ஒரு கரண்டி எருமைத் தயிரும் தொட்டுக்கொள்ள வைத்தேன். ஆண்கள் சிலர் திரும்பி வந்தார்கள், பெண்கள் வரவில்லை. பஸ்ஸுக்கு நின்ற டீச்சருக்கு ஒரு செம்பு தண்ணீர் நீட்டினேன். வேண்டாம் என்றார். நான் விடவில்லை. இந்த முறை அவர்தான் என் காதோடு பேசினார்.

எழும்பியதிலிருந்து வீடு திரும்பும் வரை அவர் தண்ணீர் குடிப்பதில்லையாம். பஸ்ஸில் வருகிற மற்றப் பெண்களும் அப்படித்தானாம். ஆமியின் ஒவ்வொரு சென்றியிலும் சோதனைக்கு இறங்கி வரிசையில் நிற்க வேண்டும், எப்போது விடுவார்கள் என்று தெரியாது, ஒதுங்க ஒரு மறைவும் இல்லை. கல் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து கஞ்சிக்கும் பயமாம். பசளியை அவர் ஏசிய கோபம் எனக்கு அப்போதே போய்விட்டது. அவர் சொன்னது இன்னும் போகவில்லை: "கல்லு வலிச்சா வாய் விட்டு அழலாம் அக்கா. சென்றியில மூத்திரம் முட்டினா ஆரிட்டச் சொல்ற?"

குழி

கஞ்சிக் கடைக்குப் பின்னால் ஒரு கக்கூஸ் கட்டுவது என்று முடிவெடுத்தேன். வீட்டுக்காரர் குழி வெட்டத் தொடங்கினார். ரோட்டோரம் மண் குவிவதைப் பார்த்தால் ஆமிக்காரர் என்ன நினைப்பார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. ஓடி வந்து துவக்கை நீட்டி, "பங்கரா?" என்றார்கள். பதுங்குகுழி என்று நினைத்துவிட்டார்கள். அவர் குழிக்குள் நின்றபடியே கையை உயர்த்தினார். எனக்குச் சிங்களத்தில் தெரிந்தது மீனின் பெயர்கள்தான். வெட்கத்தை விட்டுக் குழியோரம் குந்திக் காட்டினேன்.

இளம் பொடியன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களுக்கு மூத்தவன் குழியைச் சுற்றி வந்து, ஆழம் பார்த்து, துவக்கைத் தோளில் போட்டான். அரைகுறைத் தமிழில் சொன்னான்: "அம்மா, கெதியா கட்டுங்க. எங்களுக்கும் இல்ல."

வாளி

தென்னங்கிடுகு மறைப்பு கட்டிய கிழமையே செய்தி பஸ் பஸ்ஸாகப் போய்விட்டது. போகும்போதும் வரும்போதும் பெண்கள் இறங்கினார்கள். டீச்சர் செம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்தார். கொஞ்ச நாளில் கல் தானாகவே இறங்கிவிட்டதாம். அதையும் எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னார். பின்பக்கம் போனவர்கள் சும்மா போக வெட்கப்பட்டு ஆளுக்கொரு கோப்பை வாங்கினார்கள். தேற்றாத்தீவிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்குக் கஞ்சியை வார்த்து நீட்டினேன். அவள் கோப்பையைப் பார்க்கவேயில்லை. "கஞ்சி கிடக்கட்டும் மாமி. முதல்ல வாளியில தண்ணி இரிக்கா?"

கைப்பக்குவத்தால் பேர் எடுத்த பெண்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர், நான் பேர் எடுத்தது கக்கூசால்தான் என்றாலும் பானை காலியாகத்தான் வீட்டுக்கு வந்தது.