சீனி போடாத சாயத்தண்ணி

கூடப் படிச்ச நர்ஸ் தோழிகளுக்கு,

இதை உடனே எழுதலேன்னா இன்னிக்கு எனக்கு வேறெந்த வேலையும் ஓடாது.

என் தேயிலைத் தோட்டத்துப் பாக்கியத்துக்கு இது எட்டாம் மாசம். சீனி வருத்தம், நீரிழிவுதான். போன பிள்ளை பத்து ராத்தல் எடை இருந்தும் உயிரில்லாமப் பிறந்தது. அதனால தினமும் காலையில நானே இன்சுலின் ஊசி போடுறேன். தேத்தண்ணியில சீனி போடக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லியும் வச்சிருக்கேன்.

இன்னிக்கும் அவ மூத்திரத்துல சோதனை மருந்து ஊத்திச் சூடாக்கிப் பார்த்தேன்; நீலம் போய்ச் செங்கல் நிறம், அவ்வளவு சீனி. பத்து நாளா இதே கதை. ஊசி மருந்தைக் கூட்டலாமான்னு டாக்டருக்கு எழுத உட்கார்ந்தேன். மனசு கேக்கல. பாதியில வச்சுட்டு அவ குடியிருக்கிற லயத்துக்கே ஏறிப் போனேன்.

"உண்மையைச் சொல்லு பாக்கியம், சீனி போடுறியா?"

"வயித்துப் பிள்ளை மேல சத்தியமா ஒரு சிட்டிகை போடலீங்க மிஸி. உட்காருங்க."

பால் விடாத சாயத்தண்ணி கொடுத்தா. வழக்கம்போல என் உள்ளங்கையில கொஞ்சம் சீனியும் வச்சா. நான் சீனியை நக்கி நக்கிக் குடிச்சேன். அவளும் அப்படியே குடிச்சா.

பாதிக் கோப்பையிலதான் எனக்கு உறைச்சது.

"உன் கையில என்ன?"

"தேத்தண்ணியிலதானே போடக் கூடாதுன்னீங்க? இந்த லயத்துல யாருமே தேத்தண்ணியில போடுறதில்லீங்களே."

திட்டலாம்னு வாயைத் திறந்தேன். வாய் முழுக்க இனிப்பு.

டாக்டருக்கு எழுதின காகிதத்தைக் கிழிச்சுட்டேன். நீங்களும் உங்க தோட்டத்துல 'தேத்தண்ணியில போடாதே'ன்னுதான் சொல்லி வச்சிருப்பீங்க. போய் அவங்க உள்ளங்கையைப் பார்த்துட்டுப் பதில் எழுதுங்க.