திரையில் நின்ற மோட்டார்

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்சாரப் பாடம் நடத்துகிறேன். நான் பலகையில் சமன்பாடு எழுதினால் பின்வரிசை நிம்மதியாகத் தூங்கும். அதனால் போன வருடம் ஆய்வகக் கணினிகளில் ஒரு ஸ்மார்ட் கிரிட் மாதிரியை ஓடவிட்டேன். திரையில் ஒரு சிறிய ஊர். அதில் சோலார், தேயிலை ஃபேக்டரி, தோட்டத்து மோட்டார்கள், ஆஸ்பத்திரி. மின்சாரம் குறைந்தால் யாருக்கு நிறுத்துவது என்று மாணவர்களே முடிவெடுக்க வேண்டும்.

முதல் நாள் பொறுப்பு, சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்த மாணவியிடம். திரையில் மேகம் மூடியதும் தயங்காமல் மோட்டார்களை அணைத்தாள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயி மகன் எழுந்து நின்றான்.

"தென்னை காயுதுங்க டீச்சர். ஃபேக்டரிய நிறுத்தச் சொல்லுங்க."

"கொழுந்த ஃபேன் காத்துல வாடப் போட்டுருக்கு. ஃபேன் நின்னா அம்புட்டும் வீணாப் போயிரும்" என்றாள் அவள்.

இல்லாத கொழுந்துக்கும் இல்லாத தென்னைக்கும் மணி அடித்த பிறகும் சண்டை நடந்தது. ஒருவரும் தூங்கவில்லை. எனக்கு உள்ளூர சந்தோஷம்.

பையன் வீட்டுக்கு ஃபோன் செய்து, "காலேஜ்ல நம்ம மோட்டாருக்குக் கரண்ட நிறுத்திப்போட்டாங்கப்பா" என்று புலம்பியிருக்கிறான். அன்று சாயங்காலம் அவர்கள் ஊரில் நிஜமாகவே மின்சாரம் போய்விட்டது. மறுநாள் காலை அவன் அப்பா ஆய்வக வாசலில் நின்றார்.

"ஏனுங்க டீச்சர், உங்க புள்ளைக பழகறதுக்கு எங்க தோட்டந்தான் கெடச்சுதுங்களா?"

இது வெறும் கணினி ஊர் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் நம்பவில்லை. கடைசியில் நாற்காலியில் உட்காரவைத்து மவுஸைக் கொடுத்தேன். எடுத்த எடுப்பில் எல்லா மோட்டார்களையும் ஒன்றாகப் போட்டார். பாரம் தாங்காமல் ஃபேக்டரி போனது, ஆஸ்பத்திரி போனது, மோட்டார்களும் நின்று ஊரே இருண்டது. மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இன்னொருக்காப் போடுங்க" என்றார்.

மாணவி பக்கத்தில் வந்து நின்றாள். "மொத்தமாப் போடாதீங்க ஐயா. பாதி மோட்டாரு இப்ப, பாதி பொறவு."

"நேத்து நிறுத்துன புள்ள நீதானா?"

"ஆமா ஐயா."

"செரி. நான் பாதிய நிறுத்தறேன். நீ ஃபேன எவ்வளவு கொறப்பே?"

சந்தையில் மாட்டுக்குப் பேசுவதுபோல இருவரும் கறாராகப் பேரம் பேசினார்கள். இருக்கிற மின்சாரத்தைப் பங்கிடுவது, நான் பாடமாக நடத்தி யாருக்கும் ஏறாத விஷயம். வகுப்பு மொத்தமும் நாற்காலியைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னது. இந்த முறை ஊர் இருளவில்லை.

அவர் எழுந்திருப்பார் என்று பார்த்தேன். ஃபோனை எடுத்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டார்.

"கரண்டு இப்ப என்ற கைலதான் இருக்குது. உனக்கு எப்பத் தண்ணி கட்டோணும், சொல்லு."